சிவப்புக் கோடு போட்ட பிரவுசர்

"யாரோ நம்ம கம்ப்யூட்டர்ல கை வெச்சிருக்காங்க."

முன்னறையிலிருந்து கணவரின் குரல் வந்ததும் அவள் துவைத்துக்கொண்டிருந்த சட்டையைப் போட்டது போட்டபடி ஓடினாள். திருடன்தான் புகுந்துவிட்டானோ என்று நெஞ்சு ஒரு நிமிடம் படபடத்தது. போய்ப் பார்த்தால் திருடனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிரவுசர் அப்டேட் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். அந்தத் திரையைப் பார்த்தபோது அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. நேற்றுவரை கட்டம் கட்டமாக, எடுப்பாக இருந்த டேப்கள் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி உருண்டு போயிருந்தன. கோடு என்று ஒன்று எங்கும் இல்லை. வெளுத்த சாம்பல் நிறத்தின் மேல் இன்னும் வெளுத்த சாம்பல் நிறம். ஸ்க்ரோல் பட்டை மவுஸ் பட்டால் மட்டும் தலைகாட்டிவிட்டு மறுபடி ஒளிந்துகொண்டது. ஒழுங்காக இருக்கிற ஒன்றை ஒழுங்கில்லாமல் ஆக்குவதற்கென்றே எங்கேயோ சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது.

"மூடுற பட்டன் எங்க போச்சு? அந்தப் பெருக்கல் குறியைக் காணோம்" என்றார் அவர்.

"இதோ, இங்கதானே இருக்கு" என்று அவள் திரையின் வலது மேல்மூலையில் விரலை வைத்தாள்.

அவர் தலையைத் திருப்பி விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். "ஒளிச்சு வெச்சிருக்கானுங்க. பாத்தாலே தலை வலிக்குது."

உண்மையாகவே அன்று அவருக்குத் தலை வலித்தது. மறுநாளும் வலித்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒருமனதாகப் பழியைத் தூக்கிப் பிரவுசரின் தலையில் போட்டார்கள்.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஹாரனைத் தொடாமலே முழு ஓட்டத்தையும் முடித்துவிட்டு வருவார் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'ஹாரன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவள் அவள். மருந்துப் பெட்டி லேபிள், ரசீதுப் புத்தகம், கண்காட்சி அழைப்பு என்று எதுவானாலும் அவள் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ஓரத்தில் மயிரிழை விலகியிருந்தாலும் நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவாள். அதனால் முதலாளியிலிருந்து மெஷின்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'மில்லிமீட்டர்'.

இந்த வீட்டில் பிரவுசர் என்பது பொழுதுபோக்குக்கு இல்லை. போக்குவரத்து அலுவலகம் ஒவ்வொரு சாயங்காலமும் மறுநாளைய ஓட்டத்தை ஒரு வலைப்பக்கத்தில் போட்டுவிடும். எந்தத் தெரு, எந்த நிறுத்தம், எந்தப் பிள்ளை என்று வரிசையாக இருக்கும். வலது ஓரத்தில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம். இந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், இந்தப் பிள்ளை நாளைக்கு வராது என்பது போன்ற சங்கதிகளெல்லாம் அதில் வரும். ஓட்டுநர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் வண்டியை எடுக்க வேண்டும். மற்றவர்கள் போனிலேயே பார்த்துக்கொள்வார்கள். அவருக்குப் போன் என்பது பேசுவதற்கு மட்டும்தான்.

அப்டேட் வந்த அடுத்த வாரமே முதல் அடி விழுந்தது. குறிப்புக் கட்டத்தில் புதிய நிறுத்தம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்க்காமலே வண்டியை எடுத்துப் போய்விட்டார். சின்னப் பெண் ஒருத்தி பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் நின்றிருக்கிறாள். அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லியனுப்பினார்.

அவர் தொங்கிப்போன முகத்தோடு வீட்டுக்கு வந்தார். "அந்தக் கட்டமே அங்க இல்லை. சத்தியமா சொல்றேன், நான் பாத்தப்ப இல்லை."

அவள் திறந்து பார்த்தாள். கட்டம் குத்துக்கல் மாதிரி அங்கேதான் இருந்தது. ஆனால் அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அது அவளுக்குத் தெரியும். "புது பிரவுசர் சில சமயம் பக்கத்தை வெட்டிக் காட்டுது போல" என்று சமாதானம் சொன்னாள்.

"அதான். வலது பக்கத்தை வெட்டிடுது" என்று அவரும் பிடித்துக்கொண்டார்.

அன்று முதல் மில்லிமீட்டருக்கு ஒரே வேலை. அவருடைய கண்ணுக்குத் தோதான ஒரு பிரவுசரைக் கண்டுபிடித்தாக வேண்டும். ரூட் கைமாறிப் போனால் அவரை வேன் கழுவத்தான் அனுப்புவார்கள். அந்த வண்டியையும் அந்தப் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவர் எப்படி இருப்பார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள்.

முதலில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். நிலைமை இன்னும் மோசமாயிற்று. பெரிதாக்க ஆக்க வலது பக்கம் இன்னும் காணாமல் போகிறது என்றார். பின்னணியைக் கறுப்பாக்கினாள். இருட்டறையில் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது என்றார். வேறு நான்கைந்து பிரவுசர்களை இறக்கிப் பார்த்தாள். பெயர்தான் வேறு வேறு, முகவெட்டு ஒன்றுதான். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வழுக்கை மண்டைகள். ஒவ்வொன்றையும் திறந்து அவரை உட்கார வைப்பாள். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பள்ளிப்பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

"பழைய மாதிரி வேணும். எது எங்க இருக்குன்னு பாத்த உடனே தெரியணும்."

கடைசியில் யாரோ சில ஆர்வலர்கள் சேர்ந்து செய்து வைத்திருந்த ஒரு சின்னப் பிரவுசர் கண்ணில் பட்டது. பார்த்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சதுரமான டேப்கள். அழுத்தமான கோடுகள். அமுக்கினால் உள்ளே போவது தெரிகிற பட்டன்கள். நீலத்தில் அடிக்கோடிட்ட இணைப்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பட்டையையும் எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அவளைப் போன்ற ஒருத்தியிடம் இப்படி ஒன்றைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா.

அவர் கேட்கக் கேட்க அவள் செய்தாள். மூடுகிற பட்டன் இடது மேல்மூலைக்கு வந்தது. ஸ்க்ரோல் பட்டை இடது ஓரத்துக்கு வந்தது. டேப்கள் மேலே இருந்து இறங்கி இடது பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நின்றன. பக்கம் அகலமாக இருந்தால் வரி பாதியில் தொலைந்து போகிறது என்றார். செய்தித்தாள் பத்தியைப் போல ஒடுக்கமாக்கித் திரையின் இடது பாதிக்குள் அடக்கினாள். குறிப்புக் கட்டத்தையும் வலது ஓரத்திலிருந்து பிடுங்கி இடது ஓரத்தில் நட்டாள். வலது பாதி முழுவதும் வெறும் சாம்பல் நிறம். எதுவரைக்கும் படிக்க வேண்டும் என்று ஒரு எல்லை இருந்தால் தேவலை என்று அவர் சொன்னபோது, பத்தியின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாகத் தடிமனாக ஒரு சிவப்புக் கோடு போட்டாள். அந்தக் கோடு மட்டும் அவளுடைய சொந்த யோசனை.

"இந்தக் கோடு கண்ணுல படற வரைக்கும் படிங்க. கோடு வந்தா வரி முடிஞ்சதுன்னு அர்த்தம்."

அவர் ஒவ்வொரு வரியாக, அவசரப்படாமல், கோடு வரும்வரை படித்தார். படித்து முடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"இப்பதான்டி முழுசா தெரியுது."

அதன் பிறகு ஒரு நிறுத்தம் தவறவில்லை. ஒரு குறிப்பு விட்டுப் போகவில்லை. மேலாளர்கூட ஒரு நாள் பரவாயில்லையே என்றாராம். மில்லிமீட்டருக்குத் தலைகால் புரியவில்லை. அச்சகத்தில் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லி அடங்காமல், ஒரு மத்தியானம் வேலை இல்லாத நேரத்தில், வீட்டுத் திரையிலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்டை அந்தப் பிரவுசர்காரர்களின் குழுவில் போட்டாள். அங்கே ஆளாளுக்குத் தங்கள் பிரவுசரை எப்படி அலங்கரித்திருக்கிறோம் என்று படம் போட்டுப் பீற்றிக்கொள்வார்கள். இவளும் எழுதினாள்: 'என் கணவருக்காக நானே அமைத்தது. புதிய தோற்றம் அவர் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. இப்போது ஒரு குறையும் இல்லை.'

பாராட்டு வந்து குவிந்தது. அருமை என்றார் ஒருவர். இந்த அமைப்பை எங்களுக்கும் தர முடியுமா என்றார் இன்னொருவர். கைவேலைக்காரி என்றார் மற்றொருவர். அவள் தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்தது முகம் தெரியாத யாரோ ஒரு பெண் எழுதியது.

'எங்க அப்பாவுக்கும் இதே மாதிரிதான் செஞ்சு வெச்சிருக்கேன் அக்கா. அந்தச் சிவப்புக் கோடுகூட அப்படியே. பக்கவாதம் வந்த பிறகு நரம்பு டாக்டர்தான் அந்தக் கோட்டைப் போடச் சொன்னார். அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் வலது பாதி போயிடுச்சு. உங்க வீட்டுக்காரருக்கு எப்ப வந்துச்சு? இப்ப தேவலையா?'

மில்லிமீட்டர் அதை ஒரு தடவை படித்தாள். ஆள் மாறிக் கேட்கிறாள் என்று நினைத்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு தன்னுடைய ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அச்சகத்துக் கண்ணால் அதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் அவள் அவருடைய மனைவி மட்டும்தான். இப்போது பார்த்தாள். இடது பாதியில் ஒரு பிரவுசருக்குரிய அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. வலது பாதியில் எதுவுமே இல்லை. இந்தப் பக்கம் மட்டும் அச்சுக்கு வந்திருந்தால், நாற்காலியை விட்டு எழாமலே, பாதித் தாள் எங்கே என்று கேட்டிருப்பாள்.

ஒன்று மாற்றி ஒன்றாக எல்லாம் வந்து நெஞ்சில் அடித்தது. சமையலறை வாசலில் அவர் வலது தோளை இடித்துக்கொள்வது. மேசையில் வலது பக்கம் வைத்த தேநீர் டம்ளரைத் தட்டிவிட்டு, இதை யார் இங்கே வைத்தது என்று சிடுசிடுப்பது. சாயங்கால நடையில், நீ என் இடது பக்கமாகவே வா என்று அவர் சொன்னது. அதைக் கேட்டு அவள் வெட்கப்பட்டிருக்கிறாள். இந்த வயதில் கையைக் கோத்துக்கொண்டு நடக்க ஆசைப்படுகிறார் மனுஷர் என்று மனசுக்குள் பூரித்திருக்கிறாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டிருக்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பியிருப்பார். போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள்.

அவருடைய போன் அணைந்திருந்தது. ஓட்டும்போது அணைத்து வைத்துவிடுவது அவர் வழக்கம், அதற்காக ஒருமுறை பரிசுகூட வாங்கியிருக்கிறார். போக்குவரத்து அலுவலகத்துக்கு அடித்தாள். எடுத்தவர் அங்கே வண்டிகளைக் கவனிக்கிற குமாஸ்தா. அவளுக்கு அவரைக் குரலளவில் தெரியும்.

"சார், எங்க வீட்டுக்காரர் வண்டியை உடனே நிறுத்தச் சொல்லுங்க."

"என்னம்மா ஆச்சு? வீட்ல யாருக்காவது முடியலையா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அவருடைய ரூட்டுக்கும் ஆபத்தில்லை, பேருக்கும் பழுதில்லை. ஆனால் வீட்டில் முடியவில்லை என்று கேட்டால் அந்த மனுஷர் வண்டியை நிறுத்தமாட்டார். பிள்ளைகளைச் சீக்கிரம் இறக்கிவிட்டு வருகிறேன் என்று இன்னும் வேகமாக ஓட்டுவார்.

"ஓட்டத்தை முடிச்சுட்டு வரட்டுமேம்மா. அரை மணி நேரம்தானே" என்றார் குமாஸ்தா.

"சார்... அவருக்கு வலது பக்கம் கண்ணு தெரியலை."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கிற ஓசை கேட்டது.

"அம்மா, நீங்க சொன்னதை நான் மேல சொல்லியே ஆகணும். சொன்னா அவர் திரும்ப அந்த சீட்ல உக்கார முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேணும்னா நான் கேக்காத மாதிரி இருந்துடறேன்."

"நிறுத்துங்க சார்" என்றாள் அவள். "இப்பவே நிறுத்துங்க. வண்டியில பிள்ளைங்களைப் பாத்துக்கறவங்க நம்பர் உங்ககிட்ட இருக்கும். அவங்களைக் கூப்பிடுங்க."

போனை வைத்த பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேயறைந்தவள் மாதிரி நின்றவளைப் பார்த்துவிட்டு முதலாளியே எழுந்து வந்தார். திக்கித் திணறி அவள் சொன்னதில் அவருக்குப் பாதி புரிந்ததோ இல்லையோ, சாவியை எடுத்துக்கொண்டு, "வண்டியில ஏறும்மா" என்றார். வழியிலேயே குமாஸ்தா கூப்பிட்டு, பேருந்து நிற்கிற இடத்தைச் சொன்னார்.

மஞ்சள் பேருந்து ஒரு டயர் கடைக்கு எதிரில் நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகளின் முகம். கீழே இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு அவர் நின்றிருந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற உதவியாளர் பெண் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேருந்தில் அவரை அண்ணா என்றும், வீட்டுக்கு வந்தால் இவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவள் அவள்.

"எனக்குக் கண்ணு தெரியலைன்னு யாரோ போன் பண்ணியிருக்காங்களாம்" என்றார் அவர், அவளைப் பார்த்ததும். "மேலாளர் என்னைக் கண்டபடி பேசறார். எவன் அப்படிப் புரளி கிளப்பினான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"நான்தான்."

அவர் முகத்தில் ரத்தம் வற்றிப் போனதை அவள் பார்த்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"நீயா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் நான்கு அறை விட்டிருக்கலாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. தலைவலி வந்துச்சே, அன்னைக்கே ஏதோ ஆகியிருக்கு."

"எனக்கு என்ன ஆகியிருக்கு? இங்க பாரு." அவர் ஒரு கண்ணைப் பொத்தினார். "உன் மூஞ்சி தெரியுது." மறு கண்ணைப் பொத்தினார். "இப்பவும் தெரியுது. இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் விழுந்திருக்கா? அதோ அந்தக் கடை போர்டைப் படிக்கட்டுமா? புது டயர், பழைய டயர் கிடைக்கும். போதுமா?"

போர்டில் அதற்கு வலது பக்கத்திலேயே, எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, சிவப்பில் ஒரு தொலைபேசி எண் இருந்தது.

"நம்பரைப் படிங்க" என்றாள் அவள்.

"எந்த நம்பர்? போர்டுல நம்பர் ஏது?"

முதலாளி போர்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் அவருக்கு எதிரே போய் நின்றாள். "என் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க. ஒரு நிமிஷம்தான், எனக்காக." பிறகு உதவியாளர் பெண்ணுக்குக் கண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், காட்டிய இடத்துக்கு, அவருடைய வலது பக்கம் கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு வந்து நின்றாள்.

"இப்ப நம்ம பக்கத்துல யாரு நிக்கறாங்க?"

"இதென்ன விளையாட்டு?" அவர் அவள் மூக்கையே பார்த்தார். "இந்தப் பக்கம் உங்க முதலாளி நிக்கறார்."

"வேற?"

"வேற யாரும் இல்லை."

உதவியாளர் பெண் கையை உயர்த்தி ஆட்டினாள். முதலில் மெதுவாக, பிறகு வழியனுப்புகிறவர்கள் மாதிரி வேகவேகமாக ஆட்டினாள். அவர் அசையவில்லை. ஜன்னலிலிருந்து ஒரு வாண்டு களுக்கென்று சிரித்தது. "அங்கிள், ஆன்ட்டி உங்க பக்கத்துலயேதான் டாட்டா காட்டறாங்க."

அவர் சட்டென்று திரும்பினார். இல்லாத இடத்திலிருந்து ஒரு கை முளைத்து முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு அடி பின்னால் போய்ப் பேருந்தில் சாய்ந்துகொண்டார். மில்லிமீட்டருக்கு அவரை அந்த நிலையில் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"அப்ப நான் எப்படி ஓட்டினேன்?" அவர் யாரையும் பார்க்காமல் கேட்டார். "இத்தனை நாளா எப்படி ஓட்டினேன்?"

"நான்தான் சொல்லிக்கிட்டே வருவேனே அண்ணா" என்றாள் உதவியாளர் பெண்.

மில்லிமீட்டர் அவள் பக்கம் திரும்பினாள். "என்னது?"

"வலது பக்கம் லாரி வருது, வலது பக்கம் சைக்கிள் போகுது, இப்ப திரும்பலாம், இப்ப வேணாம்னு சொல்லிக்கிட்டே வருவேன் அண்ணி. கொஞ்ச நாளாவே அண்ணா கொஞ்சம் கவனப் பிசகா இருந்தார். ஒரு நாள் ஸ்கூட்டர்காரர் ஒருத்தர் மயிரிழையில தப்பிச்சார். வயசாகுது, வீட்ல ஏதாவது கவலையா இருக்கும், நாம சொல்லிக் குடுத்தா ஆச்சுன்னு நினைச்சேன். ஆபீஸ்ல சொன்னா அவர் வேலைக்கு உலை வெச்ச மாதிரி ஆயிடுமே. நான் சொன்னா அண்ணா கேட்டுக்குவார். அதுவே பழகிப் போச்சு."

மில்லிமீட்டருக்கு அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அறைவது. இந்தப் பெண் செய்த அதே காரியத்தைத்தான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு தானும் செய்திருக்கிறாள். செய்ததோடு நிற்காமல் படம் பிடித்து ஊருக்குக் காட்டிப் பாராட்டும் வாங்கியிருக்கிறாள்.

"ஏம்மா, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னைக்குச் சொல்லலாம்னுதான் அண்ணி இருந்தேன்." அந்தப் பெண்ணின் குரல் கம்மிப் போயிற்று. "என் பொண்ணுக்குப் பிரசவம். நாளையில இருந்து நான் லீவு. மாத்து ஆள் யாரும் இல்லை, அவரே தனியாப் பாத்துக்கட்டும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு டயர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மில்லிமீட்டருக்கு நாளைக் காலை கண்முன்னே தெரிந்தது. சிவப்புக் கோடுவரை ஒழுங்காகப் படித்துவிட்டு, ஒரு குறிப்பும் விடாமல், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, போனை அணைத்து வைத்துவிட்டு அவர் வண்டியை எடுத்திருப்பார். அவள் வாசலில் நின்று கையசைத்திருப்பாள். அதற்கு மேல் நினைக்கப் பயந்து பேருந்தின் தகரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பேருந்தைப் பார்த்துத் திரும்பினார். முதல் ஜன்னலில் இருந்த வாண்டைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக, இன்னும் மெதுவாக வலது பக்கம் திருப்பிக்கொண்டே போனார். ஒவ்வொரு ஜன்னலாக ஒவ்வொரு பிள்ளையும் அவர் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. கடைசி ஜன்னலில், பையை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு மழையில் நின்ற சின்னப் பெண் இருந்தாள். அவளை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"வேற டிரைவர் வர்றவரைக்கும் நாம எங்கயும் போக வேணாம்" என்றார். "இதுங்க எல்லாம் வீடு போய்ச் சேரட்டும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். மில்லிமீட்டர் அவருடைய வலது பக்கம் நின்றிருந்தாள். அவர் சாவியை நீட்டிய இடத்தில் யாரும் இல்லை. அவள் நகர்ந்து போய் வாங்கிக்கொண்டாள்.